கேட் திறக்கவில்லையா? முதலில் கையால் தள்ளுங்கள்



மோட்டார் வைத்த ஸ்லைடிங் கேட் இப்போது நடுத்தரக் குடும்பங்களிலும் சகஜமாகிவிட்டது. மூட்டுவலியோடு இருக்கும் பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் ஒருநாள் ரிமோட்டை அழுத்த, கேட் அசையாமல் நின்றால்?

‘மோட்டார் போச்சு’ என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள்.

மெயின் சுவிட்சை அணையுங்கள். மோட்டாரோடு தந்த ரிலீஸ் சாவியால் அதன் பிடியை விடுவியுங்கள். இரு முனைகளிலும் ஸ்டாப்பர் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேட்டைக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். கனமாக இருக்கிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் கேட்டில்தான். டிராக்கில் மணலோ ஜல்லியோ சேர்ந்திருக்கும், ரோலர் தேய்ந்திருக்கும். இதைச் சரிசெய்யாமல் புது மோட்டார் போட்டால், அதுவும் திணறத்தானே செய்யும்?

கேட் லேசாக நகர்கிறதா? பிடியைப் பழையபடி பூட்டி, கரன்ட்டைப் போட்டுப் பாருங்கள். சுவர் சுவிட்சுக்குத் திறந்து ரிமோட்டுக்குத் திறக்காவிட்டால், முதலில் ரிமோட் பேட்டரியை மாற்றுங்கள். திறக்கிறது, ஆனால் மூடவில்லை என்றால் கேட் ஓரத்தில் குறுக்கே வருபவரைக் கண்டறியும் சென்சார் கண்ணைத் துடையுங்கள். ஒரு சிலந்தி வலையோ, குறுக்கே வளர்ந்த செடியோ போதும், கேட் மூடாமல் நிற்க.

மோட்டார் உறுமுகிறது, கேட் நகரவில்லை என்றால் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம். கரன்ட்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அவர் மூடியைக் கழற்றும்போது, உள்ளே எறும்பு, பல்லி புகுந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வயர் நுழையும் ஓட்டையை அடைத்தாலே மோட்டாரை இயக்கும் பல கன்ட்ரோல் போர்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். “இந்த சென்சார்தான் தொல்லை, டைரக்ட் பண்ணிடறேன்” என்று யாராவது சொன்னால், கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். குறுக்கே குழந்தை ஓடிவந்தால் கேட்டை நிறுத்தச் சொல்வது அந்தச் சின்னக் கண்தான். சில நூறு கிலோ இரும்பு நகரும் இடத்தில் அது இல்லாமல் எப்படி நிம்மதியாக இருப்பது?

சரி, உங்கள் வீட்டு ரிலீஸ் சாவி எங்கே இருக்கிறது? பல வீடுகளில் அது குடும்பத்தலைவரின் பீரோவுக்குள் இருக்கிறது. அவர் ஊரில் இல்லாத இரவில், கரன்ட்டும் போய், பாட்டிக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸ் வாசலில் நின்றால்?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சாவியை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரும், வேலைக்கு வரும் அக்கா உட்பட, ஒருமுறை கேட்டைக் கையால் திறந்து பழகட்டும். அவசரத்தில் வீட்டில் யார் இருந்தாலும் கதவு திறக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்