பீடோங்கில் ஒரு குளிர்காலம்

ஆங்கிலக் கட்டுரைக்கு அலங்காரம் என்று எண்ணி, பொருள் இன்னதென்று விசாரியாமலே நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் இறக்கிவைக்கும் மரபுத்தொடர்களுள், இயற்கையைப் பற்றியவையே அதிக அனர்த்தத்துக்கு உள்ளாகின்றன என்பது என் அபிப்பிராயம். 'இண்டியன் சம்மர்' என்பதைச் சித்திரை வெயிலுக்குச் சூட்டுவோர் பெரியவர்களிலும் உண்டு. அதுவோ, வட அமெரிக்காவில் இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி விழுந்த பின்னர், போன கோடை சில நாள் திரும்பி வந்தாற்போல் நிலவும் இதமான உஷ்ணத்தின் பெயர். நம் இந்தியாவுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்பதிலுள்ள இலையும் மரத்து இலையன்று, புத்தகத்தின் ஏடு. அதைத் தளிர் என்று கொண்டு வசந்தகாலம் வரை வர்ணித்துவிடுகிறார்கள், பாவம்.

பிள்ளைகளை நோவதில் பயனில்லை. பனிப்பாறையையே காணாத நம் மலேசியக் கெடா மாநிலத்தில் 'டிப் ஆஃப் தி ஐஸ்பர்க்' என்று மட்டும் ஒப்புவிக்கச் சொல்லி, அப்பாறையின் பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் கிடக்கும் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால், தொடரின் உயிர் எங்கே தங்கும்?

இத்தனைக்கும், ரப்பர்த் தோட்டங்களிலே புழங்கிய ஓர் ஆங்கிலப் பிரயோகம் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஆறு பாகைக்குள், குனோங் ஜெராய் அடிவாரத்தில், குளிர்காலம் என்பதே இல்லாத பீடோங் வட்டாரத்தில், ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் பால்மரங்கள் பழுத்துச் சிவந்து இலையனைத்தையும் கொட்டிவிட்டு மொட்டையாய் நின்று, பின்பு செம்பு நிறத்தில் துளிர்விடுவதைப் பார்த்த வெள்ளைக்காரத் துரைமார், தம் தேசத்து மரங்களை நினைத்து 'வின்டரிங்' என்றார்கள். பிரேஸிலிலிருந்து வந்த மரத்துக்குச் சீமையின் குளிர்காலம்! அந்நாட்களில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் பால் குறைந்தது. பால் வெட்டியவர் கூலியும் அதனோடு குறைந்தது. ரப்பர் விவசாய நூல்களில் இன்றும் 'வின்டரிங்' என்பதே வழக்கு. ஆகவே பிழையென்று தள்ளுவதற்கில்லை. ஆனால் மரத்துக்கு மட்டுமே அது பொருந்தும். பீடோங்கில் வின்டர் வந்தது என்று எழுதினால் தப்பு.

செம்பனை வந்து பல தோட்டங்களில் பால்மரமே மறைந்துவிட்ட இக்காலத்தில், கோலா மூடா மாவட்டத்து ஆங்கில ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: நாயும் பூனையுமாகக் கொட்டும் மழையை, அதை ஆங்கிலேயரே அரிதாகச் சொல்லும் காரணத்தால், பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதல் பாடமாக 'வின்டரிங்' என்பதைக் கற்பியுங்கள், பால் வெட்டிய பாட்டிமார் இருக்கும் வீடுகளில் அதன் விளக்கத்தைப் பிள்ளைகளே கேட்டு எழுதி வரட்டும்.