இரசாயனம் நெட்டுருப் பாடமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து, அடுத்து எந்தப் பிரிவில் சேர்வது என்ற கேள்வி வீடுதோறும் எழுகின்ற நாட்களில், சென்னைப் புறநகரான பம்மலிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும், ஏன், தமிழ்நாடு முழுவதிலுமே, பெற்றோரும் சுற்றத்தாரும் தயக்கமின்றி வழங்குகிற புத்திமதி ஒன்று உண்டு. கணக்கு வராத பிள்ளை ‘ப்யூர் சயின்ஸ்’ எடுத்துக்கொள்ளட்டும். பௌதிகத்தை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். கெமிஸ்ட்ரியோ மனப்பாடம் செய்தால் போதும் என்பதே அது. சமன்பாடுகளையும் குறியீடுகளையும் நெட்டுருப் போட்டு ஒப்பித்துவிட்டால் இரசாயனம் கைவந்துவிடும் என்றும், இடையிடையே வரும் கணக்குகள் பரீட்சையில் விட்டுவிடத்தக்க சில மதிப்பெண்களே என்றும் கருதுகிற இந்த அபிப்பிராயம், அந்தச் சாஸ்திரத்தின் உயிர்நிலையையே மறுக்கிறது என்பது என் கட்சி.

இரசாயனம் சாஸ்திரமென்ற பெயருக்கு உரியதானது தராசு அதனுள் புகுந்த பிறகுதான். மூடி முத்திரையிட்ட கலத்தில் வெள்ளீயத்தைச் சுட்டு, சுடுமுன்னும் சுட்டபின்னும் கலத்தின் எடை மாறவில்லை என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் லவாசியே நிறுத்துக் காட்டியிராவிட்டால், எரியும் பொருளிலிருந்து ஏதோவொரு சாரம் வெளியேறுகிறது என்ற பழங்கொள்கை இன்னும் எத்தனை காலம் அரசாண்டிருக்குமோ! காற்றிலிருந்து பிராணவாயு முதலியவற்றை நீக்கிப் பெற்ற நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம் இருப்பதையும், சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜன் 1.2505 கிராமே இருப்பதையும் கண்ட ராலே பிரபு, ஆயிரத்தில் ஐந்தாறு பங்கே ஆன அந்த வேற்றுமையைக் கைப்பிழையென்று தள்ளிவிடாமல் தொடர்ந்து சென்றார். அதன் பயனாக, யாரும் எதிர்பாராத ஆர்கான் என்னும் வாயு 1894இல் அவருக்கும் ராம்சேக்கும் அகப்பட்டது. எந்தப் புத்தகத்தை நெட்டுருச் செய்திருந்தாலும் அவர்களுக்கு அது கிடைத்திராது. ஏனெனில் எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. மூன்றாம் தசம ஸ்தானத்தை மதித்தவர்க்கே அது புலப்பட்டது.

நம் வகுப்பறைகளிலோ கணக்கும் நெட்டுருவாகவே கற்பிக்கப்படுகிறது. ‘வி ஒன் எம் ஒன் சமம் வி டூ எம் டூ’ என்ற வாய்பாட்டை மந்திரம்போல் உச்சரிக்கிற மாணாக்கனிடம், 20 மில்லிலிட்டர் எரிசோடாக் கரைசலை நடுநிலையாக்க 0.05 மோலார் கந்தக அமிலம் 20 மில்லிலிட்டர் செலவாயிற்று, எரிசோடாவின் செறிவு யாது என்று கேட்டுப்பாருங்கள். 0.05 என்று அவன் கணமும் தாமதியாமல் விடை பகர்வான். ஒரு மோல் கந்தக அமிலம் இரண்டு மோல் எரிசோடாவை நடுநிலையாக்கும் என்ற சமன்பாட்டையும் அவனே பிழையின்றி எழுதுவான். ஆயினும் அந்தச் சமன்பாட்டிலுள்ள ‘இரண்டு’ என்ற எண் தன் கணக்கோடு பேசுகிறது என்பதை அவன் அறியான். சரியான விடை 0.1 மோலார். வாய்பாடும் தெரியும், சமன்பாடும் தெரியும், விடையோ பாதியாகக் குறைந்துவிடும்: நெட்டுரு நல்குகிற ஞானத்தின் அளவு இதுதான்.

செய்முறை வகுப்பின் நிலை இதனினும் பரிதாபமானது. பியூரெட்டின் கீழ் கூம்புக் குடுவையை வைத்து முதல்முறை தரம் பார்த்து 19.8 என்று குறித்துக்கொண்ட பிள்ளை, இரண்டாம் முறை குழாயைத் திருகாமலேயே மீண்டும் 19.8 என்று எழுதி, ‘ஒத்த அளவு’ கிடைத்துவிட்டதாகக் கோடிட்டு முடிப்பதைப் பள்ளி ஆய்வகத்தில் நின்றிருந்தவர் யாரும் அறிவர். இரண்டாம் முறை 19.9 வருவது குற்றமன்று. கண்ணுக்கும் கைக்கும் கண்ணாடிக்கும் உள்ள எல்லையை அந்த 0.1 மில்லிலிட்டர் உண்மையாக உரைக்கிறது. அந்த எல்லையைக் கற்பிக்க வேண்டிய இடத்தில் பொய்யெழுதக் கற்பித்துவிட்டு, அதற்கு முழு மதிப்பெண்ணும் வழங்குகிறோம்.

இவையெல்லாம் பள்ளிக்கூடத்து விவகாரம், ஊருக்கு இதனால் வரும் நஷ்டம் என்ன என்று கேட்பவர்கள், பம்மலில் ஒரு வீட்டுக்கூடத்தில் சற்று உட்கார்ந்து பார்க்கலாம். சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வந்தவர் பேனா வடிவக் கருவியொன்றைத் தண்ணீர் டம்ளரில் முக்குகிறார், ஓர் எண் ஒளிர்கிறது, ‘டி.டி.எஸ். ஐந்நூறுக்குள்தான் சார் இருக்கு’ என்றால் தண்ணீர் நல்லதென்றும், எழுநூறு என்றால் விஷமென்றும் குடும்பமே தீர்மானித்துவிடுகிறது. அந்தக் கருவி அளப்பது கரைந்த உப்புகளின் எடையையன்று, நீரின் மின்கடத்துதிறனை. அதை ஏறக்குறைய 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோவொரு காரணியால் பெருக்கியே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1000 மைக்ரோசீமென்ஸ் உள்ள ஒரே தண்ணீரை ஒரு கருவி 500 என்றும் மற்றொன்று 700 என்றும் சொல்லக்கூடும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்த ஏற்கத்தக்க அளவு 500. எனவே தண்ணீர் சிறிதும் மாறாமலே கருவிக்குக் கருவி தீர்ப்பு மாறும்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. குரோம் லெதர் கம்பெனியால் பெயர்பெற்ற குரோம்பேட்டையும், நாகல்கேணியும், பல்லாவரமும், பம்மலும் தோல் பதனிடும் தொழிலின் பழைய வட்டாரம். இப்பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளையும் தழுவியே பிறந்தது. குடிநீரில் குரோமியத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். பேனாக் கருவியின் மிகச் சிறிய படியோ 1 மில்லிகிராம். குரோமியம் அனுமதித்த அளவைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் அது அரை மில்லிகிராமே. நூற்றுக்கணக்கில் ஒளிரும் அந்த எண்ணில் அது தெரியவே தெரியாது. இதைக் கண்டுகொள்ள மேதாவிலாசம் வேண்டியதில்லை; இரண்டு எண்களை ஒரே அலகில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் போதும். கெமிஸ்ட்ரியில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும் அந்தப் பழக்கம் இல்லை என்பதே நெட்டுருக் கல்வியின் விளைவு.

கணக்கென்றால் அஞ்சுகிற குழந்தையை ஏன் வதைக்க வேண்டும், நெட்டுருவால் தேறுகிறதே, அதுவும் போதாதா என்று எதிர்க்கட்சியார் கேட்கலாம். அவர்களது கருணையை நான் மதிக்கிறேன். அது தவறான இடத்தில் காட்டப்படுகிறது என்றே வாதிடுகிறேன். தொடக்க இரசாயனத்துக்கு வேண்டிய கணிதம் பெரும்பாலும் விகிதமும் பெருக்கலும் வகுத்தலும் பத்தின் அடுக்குகளுமே. இருபது ஓவர் ஆட்டத்தில் வெற்றிக்கு ஓவருக்கு எத்தனை ஓட்டம் வேண்டுமென்று மனத்திலேயே கணக்கிடுகிற சிறுவனுக்கு விகிதம் வராது என்று யார் சொல்லக்கூடும்? அவனை அச்சுறுத்துவது கணக்கன்று. அலகும் பொருளும் உரிக்கப்பட்டு வெறும் எழுத்துகளாக நிற்கிற வாய்பாடு. நினைவாற்றலுக்கும் இரசாயனத்தில் இடமுண்டு என்பதை நான் மறுக்கவில்லை; ஆனால் விலைப்பட்டியலை ஒப்பிக்கிறவன் வியாபாரியாகிவிடமாட்டான்.

பரிகாரமும் தொலைவில் இல்லை. பம்மலில் ஒரு வீட்டுப் போர் தண்ணீரை 50 மில்லிலிட்டர் எடுத்து, காரத்தாங்கலும் நிறங்காட்டியும் சேர்த்து, 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலால் தரம் பார்க்கட்டும். திராட்சைச் சிவப்பு நீலமாக மாறுகிற துளியில் பியூரெட் 30 மில்லிலிட்டரைக் காட்டினால், இக்கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமாதலால், 50 மில்லிலிட்டரில் 30 மில்லிகிராம், ஆகவே லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்று கணக்கு தானே விரியும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் பொறுத்துக்கொள்ளத்தக்க கடினத்தன்மையின் உச்ச வரம்பும் அதுவே என்று தெரியவரும்போது, எண்ணுக்கும் தன் வீட்டுத் தண்ணீருக்கும் உள்ள உறவு மாணாக்கனுக்கு விளங்கும். பரீட்சையை வகுப்பவர்கள் செய்ய வேண்டியவை மூன்று: அலகில்லாத விடைக்கு மதிப்பெண் தராதிருத்தல்; செய்முறையில் 19.8ஐயும் 19.9ஐயும் உள்ளபடி எழுதிய பிள்ளையைத் தண்டியாதிருத்தல்; விடை நம்பத்தக்கதா என்று ஒரு வரியில் காரணம் கேட்டல். இவற்றுக்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய பாடநூலும் வேண்டாம். இவற்றைச் செய்யாமல் ஆண்டுதோறும் தேர்ச்சி விகிதம் உயர்கிறதென்று மகிழ்வோமானால், நாம் உயர்த்துவது ஒப்பிக்கிறவர்களின் தொகையையேயன்றி இரசாயனம் அறிந்தவர்களின் தொகையையன்று.