அளவு மறந்த நிரல்

கணிப்பொறிச் செய்திக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சுவடியில் ஓரெழுத்து மிகினும் பொருள் பிறழும் என்பதைக் கற்பிப்போர்க்கு இவ்வினா எழாது.

2023 அக்டோபர் 11 அன்று ‘கர்ல்’ என்னும் மென்பொருளின் 8.4.0 பதிப்பு வெளியாயிற்று. சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பெர்க், 1998 முதல் தொண்டர் பலரின் துணையுடன் பேணி வருவது அது. பிற நிரல்கள் எடுத்தாளுதற்கென அமைந்த அதன் நூலகம் ‘லிப்கர்ல்’ எனப்படும். கைப்பேசி, தொலைக்காட்சி, மகிழுந்து என அது குடிபுகாத கருவி அரிது.

அதில் புகுந்திருந்த பிழை யாது? சாக்ஸ்5 என்னும் நெறிமுறைப்படி, இடைநிற்கும் கணிப்பொறி ஒன்றின் வழியே தொடர்பு கொள்ளுங்கால், சென்று சேரவேண்டிய தளத்தின் பெயர் 255 பைட்டுகளை விஞ்சலாகாது. நீளத்தைக் குறிக்க ஒரே பைட்டுதான் ஒதுக்கப்பட்டுள்ளது. பெயர் அதனினும் நீண்டால், முகவரியைத் தானே கண்டறிவதென லிப்கர்ல் முடிவு செய்து, அம்முடிவை ஒரு தற்காலிக மாறியில் குறித்துக்கொள்ளும். விடை விரைந்து வந்தால் தீங்கில்லை. தாமதித்தாலோ, நிரற்கூறு வெளியேறி மீண்டும் நுழையும். நுழையுங்கால் முன்னைய முடிவை மறந்துவிடும். பின்னர் அந்நெடும்பெயர் முழுவதையும், நினைவகத்தில் தனக்கென ஒதுக்கிய இடத்தில் அளவு பாராது கொட்டும். இடம் இயல்பாக 16 கிலோபைட்டு. பெயரோ 64 கிலோபைட்டை எட்டலாம். மிகுந்தது அண்டையில் இருப்பதை அழிக்கும். தீயோர் தம் தளத்திலிருந்து அத்தகைய நெடும்பெயருக்குத் திருப்பிவிட்டால் கேடு விளையும். 2020இல் நிரலைத் திருத்தியமைத்தபோது நுழைந்த இப்பிழை 1,315 நாள் ஒளிந்திருந்தது.

இஃது ஒன்றும் புதுநோய் அன்று. 1988 நவம்பரில் பரவிய மோரிசுப் புழு, 512 பைட்டு இடத்தில் 536 பைட்டுகளைத் திணித்ததும் இவ்வழியே.

குற்றம் ‘சி’ மொழியினது என்பார் பலர். மொழியாசிரியன் மொழிக்குப் பரிந்து பேசுகின்றான் என எண்ணற்க. அவர் கூற்றில் பாதி உண்மையே. எல்லை காக்கும் மொழியில் எழுதியிருப்பின் நிரல் நின்றுபோயிருக்கும், நினைவகம் சிதைந்திராது. ஆயினும் எடுத்த முடிவை மறந்த மறதி அங்கும் நேர்ந்தே இருக்கும். அதனை எந்த இலக்கணமும் தடுக்காது.

பிழை தம்முடையதே என ஸ்டென்பெர்க் வெளிப்படையாக எழுதி, அது நேர்ந்த விதத்தையும் விளக்கினார். பாராட்டத்தக்க பண்பு. ஆனால் அந்நூலகத்தைத் தம் கருவிகளில் பொதித்து விற்போர், திருத்திய பதிப்பைக் கொண்டுசேர்க்கும் கடமையையும் ஏற்றாக வேண்டும் என்பதே என் துணிபு. ஆக்கியோன் ஒருவன் விழித்திருக்க, விற்போர் உறங்குவது முறையாகுமா? நம் கல்லூரிகளின் கணிப்பொறிக் கூடங்களும் புதுப்பித்தலை வீண்வேலையாகக் கருதலாகாது.

தமிழ் மென்பொருள் இயற்றப் புகும் மாணவர்க்கு இன்னொரு செய்தி. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு என்னும் பழக்கம் நம் மொழிக்குப் பொருந்தாது. ‘தமிழ்’ என்பது மூன்றெழுத்து. யூடிஎஃப்-8 முறையிலோ 15 பைட்டு. எழுத்தை எண்ணி மூன்றே பைட்டு ஒதுக்குவோன் நிரலில் முதலெழுத்து மட்டுமே அடங்கும்.