கோடைக்கு வரும் ஆங்கிலம்

அயல்நாட்டு மாணவர்கள் சில வார காலம் நம் ஊர்ப்புறங்களுக்கு வந்து, குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் கோடை முகாம்களைப் பலரும் போற்றுகிறார்கள். திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்கு அந்தப் போற்றுதலில் சற்றுத் தயக்கம் உண்டு. வருகிறவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அவர்கள் தங்கும் காலமும் தமிழறியாமையுமே தயக்கத்துக்குக் காரணம்.

முதலில் நாட்காட்டி. இங்கிலாந்துப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூலை பிற்பகுதியில் தொடங்குகிறது. நம் பிள்ளைகளுக்கோ ஜூனிலேயே பள்ளி திறந்துவிடும். ஆகவே அவர்களுடைய கோடையில் நடக்கும் முகாம் நம்முடைய பள்ளி நாட்களையே எடுத்துக்கொள்கிறது. பருவத் தேர்வுக்குள் முடிக்கவேண்டிய பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஆசிரியர் விருந்தினருக்கு வகுப்பறையை விட்டுத்தர வேண்டியிருக்கிறது. (நம் கோடையிலேயே வரலாமே என்றால், திண்டுக்கல்லின் மே மாத வெயிலுக்கு எந்த விருந்தினரை அழைப்பது?)

இந்திய அரசின் சுற்றுலா விசா, ஊதியமில்லாத தொண்டுப்பணியை ஒரு மாதம் வரை அனுமதிக்கிறது. சுற்றுலாவின் ஓர் உட்பிரிவாக அதைச் சட்டம் வைத்திருப்பது பொருத்தமாகவே படுகிறது. 1968-இல் இவான் இல்லிச் மெக்சிகோவின் குவர்னவாகா நகரில், அங்கு தொண்டுசெய்ய வந்த அமெரிக்க மாணவர்களை நோக்கிப் பேசியதும் ஏறக்குறைய இதுதான்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவுவதாக எண்ணிக்கொண்டு வராதீர்கள் என்றார். அவருடைய கடுமை முழுவதும் நமக்கு உடன்பாடன்று. ஆனால் மக்களின் மொழி தெரியாமல் அவர்களுக்கு உதவ முடியுமா என்று அவர் எழுப்பிய ஐயம் இன்னும் தீரவில்லை.

மொழியைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். ‘அவன் சிறுவன்’ என்பது தமிழில் நிறைவான வாக்கியம், வினைச்சொல் தேவையில்லை. அதனால்தான் நம் பிள்ளை ஆங்கிலத்தில் ‘ஹி பாய்’ என்கிறது. ‘இஸ்’ என்பதையும் அதன் பின்வரும் ‘எ’ என்பதையும் அது மறந்துவிடவில்லை. தமிழில் அவற்றுக்கு இடமே இருந்ததில்லை. ‘பட்டம்’ என்பதில் வரும் பகரத்துக்கும் ‘கம்பம்’ என்பதில் வரும் பகரத்துக்கும் ஒலி வேறு. ஆனால் எழுத்து ஒன்றுதான். இடத்தைப் பொறுத்து ஒலி தானாக மாறும் மொழியில் வளர்ந்த பிள்ளை, சொல்லின் தொடக்கத்திலேயே இரண்டையும் பிரித்துக்காட்டச் சொன்னால் திணறத்தான் செய்யும். தமிழ் அறியாதவருக்குப் பிழை தெரியும், அதன் வேர் தெரியாது. திருத்திக்கொண்டே இருப்பார், பிள்ளையும் தலையாட்டிக்கொண்டே இருக்கும்.

இதனால் பயனே இல்லை என்று சொல்லமாட்டோம். தமிழ்வழிப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலம் ஒப்பிக்கப்படும் பாடமாகவே இருந்துவருகிறது. தமிழ் தெரியாத ஒருவர் எதிரே நின்றால், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட ஆங்கிலம் தேவைப்படுகிறது. அந்தக் கட்டாயத்தில் பிறக்கும் பேச்சுக்கு மதிப்புண்டு. ஆனால் கூச்சம் விலகி நாலு வாக்கியம் பேசத் தொடங்கும்போது அவர் விமானம் ஏறிவிடுகிறார். அடுத்த கோடையில் வருபவர் வேறொருவர். மீண்டும் ‘உன் பெயர் என்ன’விலிருந்து தொடக்கம்.

நீண்டு தங்கியவர்களையும் இம்மாவட்டம் கண்டிருக்கிறது. அமெரிக்கரான ரால்ப் ரிச்சர்ட் கெய்த்தான் 1925-இல் மதுரை மிஷன் பணிக்காக வந்தார். தேசிய இயக்கத்தோடு கொண்ட உறவால் 1930-இலும் 1944-இலும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இருமுறையும் திரும்பி வந்தார். டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே 1947-இல் நிறுவிய காந்திகிராமத்தின் பணிகளில் தோள்கொடுத்தார். எல்லோரும் கெய்த்தானாக முடியாது, உண்மைதான். எனினும் 1961 முதல் 1976 வரை இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்களுக்குக்கூட இரண்டாண்டுப் பணிக்காலமும் அதற்குமுன் மொழிப் பயிற்சியும் இருந்தன. அந்த நடுவழியை இன்று ஏன் எண்ணிப்பார்ப்பதில்லை?

உள்ளூரிலும் ஆளில்லாமல் இல்லை. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலைதோறும் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்து வீட்டுப் பெண்கள். மறுநாளும் அதே தெருவில் இருப்பார்கள் என்பதே அவர்களுடைய பெருந்தகுதி. வெளிநாட்டுத் தொண்டர் இத்தகைய பெண்களோடும் ஆசிரியர்களோடும் அமர்ந்து ஆங்கிலத்தில் உரையாடிப் பழகட்டும். அவர் போனபின்னும் பயன் ஊரில் தங்கும்.

பிள்ளைகளிடமும் போகட்டும். முதல் வாரம் அவர்களிடம் தமிழ் கற்றுக்கொள்ளப் போகட்டும். பழனி என்று சொல்ல முயன்று ‘பலனி’, ‘பரனி’ என்று அவர் தடுமாற, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நாக்கை மடித்துக் காட்டி ழகரம் சொல்லிக்கொடுக்கட்டும். பிறகு அவர் ஆங்கிலத்தைத் தொடங்கலாம்.