உளவியல் மாணவர்க்கு உபகாரச் சம்பளம் எதற்கு என்பார்க்கு

பேரணாம்பட்டிலும் அதை அடுத்த ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடி முதலிய ஊர்களிலும், பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்சு எழும்போது, படித்தவர்களிடையேகூட ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கிறது. மருத்துவ உளவியல் என்பது பிறர் துயரைக் கேட்டு நல்ல வார்த்தை சொல்வதுதான். அதற்குப் புத்தகமும் பொறுமையும் போதும். அதில் ஆசையுள்ளவர் தம் செலவிலேயே படித்துக்கொள்ளட்டும். படித்து முடித்ததும் பெங்களூருக்குப் போய்விடப் போகிறவருக்கு ஊரும் அரசாங்கமும் உதவுவானேன் என்பதே அந்த அபிப்பிராயம். அதன் ஒவ்வொரு பகுதியும் தவறானது என்றே கருதுகிறேன்.

புத்தகப் படிப்பு என்பதை முதலில் பார்ப்போம். பின்னாளில் நிம்ஹான்ஸ் என்று பெயர் பெற்ற பெங்களூர் மனநல நிறுவனம் 1955-இல் இப்படிப்பை ஒரு டிப்ளமோவாகத் தொடங்கிய காலத்திலிருந்து, பிறகு அது எம்.பில். பட்டமாக உயர்ந்த பின்னும், அதன் உயிர்நாடி நோயாளியின் அருகில் பெறும் பயிற்சியே. இரண்டு ஆண்டுகள் முழு நேரமும் மாணவர் வார்டிலும் வெளிநோயாளர் பிரிவிலும் இருந்து, நோயின் சரித்திரத்தைக் கேட்டெழுதி, சோதனைகள் நடத்தி, அறிக்கை தயாரித்து, மேற்பார்வையாளரின் திருத்தத்தை ஏற்று, சிகிச்சையிலும் பங்குகொள்கிறார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது, மேற்பார்வையின் கீழ்ப் பெற்ற பயிற்சியை யோக்கியதையாகக் குறிப்பிடுகிறது. அதே வார்டில் மனநல மருத்துவம் பயிலும் இளம் மருத்துவர் மாதந்தோறும் உதவித்தொகை பெறுகையில், பக்கத்தில் அமர்ந்து உழைக்கும் உளவியல் மாணவர், சில அரசு நிறுவனங்கள் நீங்கலாக, பல இடங்களில் கட்டணம் செலுத்தியே அந்த உழைப்பைத் தருகிறார் என்பது நியாயத்துக்குப் பொருந்துமா?

தம் செலவில் படிக்கட்டும் என்பதோ, எந்த வீட்டை நினைத்துச் சொல்லப்படுகிறது என்பது விளங்கவில்லை. தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலிக்கு நிற்கும் தந்தையும், ஷூ கம்பெனிக்குப் போகும் அல்லது வீட்டிலிருந்தே பீடி சுற்றும் தாயும் உள்ள வீட்டில், வேறு வேலைக்கு இடங்கொடாத இரண்டு ஆண்டுப் படிப்பை யார் தாங்குவது? எம்.பில்., பி.எச்டி. பயிலும் சிறுபான்மையினருக்கு 2009 முதல் கிடைத்துவந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் பேரணாம்பட்டுக்கு அது சிறிய இழப்பன்று. எம்.பில். பட்டமே பொதுவாக நீக்கப்பட்டு, மருத்துவ உளவியலுக்கு மட்டும் 2025-26 வரை விலக்கு அளிக்கப்பட்ட அந்த ஆண்டுகளில், படிக்க நினைத்தவர்களுக்கு அநிச்சயமும் சேர்ந்துகொண்டது.

புத்தகம் போதும் என்ற வாதத்துக்கே மீண்டும் வருவோம். இங்கேதான் நான் சற்றுத் தங்க வேண்டும். மராத்தியும் கன்னடமும் பேசும் குழந்தைகளுக்காக காமத் அமைத்த பினே-காமத் நுண்ணறிவுச் சோதனையும், நாகபுரியில் மாலின் குழந்தைகளுக்காக வகுத்த சோதனையும், எழுத்தறியாதவர்க்கும் பயன்படும்படி வட நாட்டில் பாட்டியா உருவாக்கிய செயற்சோதனைகளும் மதிக்கத்தக்க சாதனைகளே. ஆனால் பேரணாம்பட்டுக் குழந்தை ஒன்று வீட்டில் தக்கனி உருதுவும் தெருவில் தமிழும் பேசி, ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து வரும் உறவினரிடம் தெலுங்கும் கேட்டு வளர்கிறது. அதனிடம் ஒரே மொழியில் சொற்களைக் கேட்டு, வந்த குறைந்த மதிப்பெண்ணைப் புத்திக்குறைவு என்று எழுதிவிட்டால், அந்த ஒரு தாளே அதன் பள்ளி வாழ்வை நிர்ணயித்துவிடும். மொழிக் குறையையும் புத்திக் குறையையும் பிரித்தறிவதற்கு, இவ்வட்டாரப் பேச்சுக்கேற்பச் சோதித்துத் திருத்தப்பெற்ற வினாத்தாள்களும், அம்மொழிகளை அறிந்த மேற்பார்வையாளரும், ஐயம் எழுந்த அன்றே கேட்டுத் தெளிய ஒரு மூத்தவரும் வேண்டும். உதவி என்று நான் சொல்வது பணத்தை மட்டுமன்று, இவற்றையும் சேர்த்தே. தற்கொலைக்கு முயன்றவரின் கதையைக் காலையில் கேட்டுவிட்டு, குழந்தையை இழந்த தாயின் கதையை மாலையில் கேட்கும் இருபத்து மூன்று வயது மாணவியின் மனத்துக்கும் ஓர் ஆதரவு வேண்டும். மனத்தைப் பற்றிப் படிப்பவருக்கு மனச்சுமை வராது என்பது பிரமை.

ஊரை விட்டுப் போய்விடுவார் என்ற ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. போகிறார்தான், இங்கே அவருக்கு வேலை இல்லாததனால் போகிறார், தேவை இல்லாததனால் அன்று. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் தோன்றின. மாவட்டக் குழுவில் மருத்துவ உளவியலாளருக்கு இடம் உண்டு. தமிழ்நாடும் சேர்ந்த 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருப்பதாகக் கண்டது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியுடன் உறவினர் ஒருவரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை புகழ்பெற்றது. ஆயினும் தினக்கூலி வீட்டிலிருந்து ஒருவர் அங்கே போய்த் தங்குவதென்றால் அடுப்பெரிவது நின்றுவிடும். ஆகவே சிகிச்சையின் பெரும்பகுதி இங்கேயே, தாலுகா மருத்துவமனையிலேயே நடக்க வேண்டும்.

1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியைக் கண்ட வட்டாரம் இது. கல்விக்குக் கொடுப்பது இதற்குப் புதிதன்று. ஆண்டுக்கு இருவரையேனும் தேர்ந்து, கட்டணமும் மாதச் செலவும் கொடுத்து, படித்தபின் சில ஆண்டுகள் பேரணாம்பட்டு அரசு மருத்துவமனையில் பணிபுரிவதாக உறுதி பெற்று அனுப்புவதற்கு இங்குள்ள தொழிலதிபர்களும் கல்விச் சங்கங்களும் முன்வரட்டும். அவர்கள் திரும்பி வரும்போது அங்கே பணியிடங்கள் காலியாகக் காத்திருக்கும்படி செய்வது அரசின் கடமை.