பென் ஏன் சாகிறான்?

பேய்ப்படம் பிடிக்கும் என்று சொன்னால் ஆய்வு வட்டத்தில் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். ஈரானியப் படம் என்றால் தலையாட்டுவார்கள். கொரியப் படம் என்றால் எந்த இயக்குநர் என்று கேட்பார்கள். 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தை ஆறு தடவை பார்த்திருக்கிறேன் என்றால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். "சாதியைப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஆளு, செத்த பொணம் எழுந்து வந்து கடிக்கிற படத்துல என்னத்தப் பாக்குற?" என்று ஒரு சீனியர் அக்கா நேராகவே கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இது அந்த அக்காவுக்கான தாமதமான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை பார்த்தது எம்.ஏ. படிக்கும்போது, ஹாஸ்டலில். ஒரு லேப்டாப், அதைச் சுற்றி ஆறு பேர். படம் 1968-இல் வந்தது, கருப்பு வெள்ளை. பிட்ஸ்பர்க் நகரத்துக்காரர்கள் சிலர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஏறக்குறைய 1,14,000 டாலரில் எடுத்தது. விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் ஊற்றினார்கள். விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது, புதுத் தலைப்பில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது. அதனால் படம் யாருக்கும் சொந்தமில்லாமல், அதாவது எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. எங்களைப் போன்ற ஓசி ரசிகர்களின் பென் டிரைவ் வரைக்கும் அது வந்து சேர்ந்தது அப்படித்தான்.

பிணங்கள் ஆடி ஆடி நடந்து வருவதைப் பார்த்து முதல் அரைமணி நேரம் சிரித்துக்கொண்டே இருந்தோம். எங்கள் மெஸ்ஸுக்குக் காலையில் வருகிறவர்களின் நடையோடு ஒப்பிட்டுக் கிண்டல் வேறு. பிணங்கள் ஒரு பண்ணை வீட்டைச் சூழ்ந்துகொள்கின்றன, உள்ளே ஏழு பேர். அதில் பென் என்கிற கறுப்பின ஆள்தான் பலகை அடிக்கிறான், ரேடியோவைத் தேடி எடுக்கிறான், யார் எங்கே நிற்பது என்று சொல்கிறான். டுவேன் ஜோன்ஸ் நடித்திருப்பார். நிலவறையில் ஒளிந்திருந்துவிட்டு மேலே வரும் ஹாரி கூப்பர் என்கிற வெள்ளைக்காரக் குடும்பஸ்தனுக்கு அது பொறுக்கவில்லை. எல்லோரும் கீழே போய்க் கதவை அடைத்துக்கொள்வோம் என்கிறான். முடியாது என்கிறான் பென். பாதிப் படம் இந்தச் சண்டைதான். கவனித்துப் பாருங்கள், படம் முழுக்க ஒருவர்கூட பென்னின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இரவு முழுவதும் போராடிப் பிழைத்து, விடிந்ததும் நாய் குரைக்கும் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் கேட்டு பென் மேலே வருகிறான். பிணங்களை வேட்டையாட ஷெரிஃபோடு துப்பாக்கி ஏந்திய ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்திருக்கிறார்கள். ஜன்னலில் ஒரு தலை தெரிகிறது. குறிபார்த்துச் சுடுகிறார்கள். முடிந்தது. அதற்குப் பிறகு அசையாத புகைப்படங்கள், பத்திரிகையில் வருவது மாதிரி புள்ளி புள்ளியாக. கொக்கியோடு நிற்கும் ஆட்கள், இழுத்துப்போகப்படும் உடல், விறகுக் குவியல். எங்கள் அறையில் யாரும் சிரிக்கவில்லை. விளக்கைப் போடவும் யாரும் எழவில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடித்துக் கொன்று தொங்கவிட்டு, கூட நின்று போட்டோ எடுத்து, அதைத் தபால் அட்டையாக அச்சடித்து விற்ற வரலாற்றை நான் வாசித்தது பிறகுதான். அந்தப் போட்டோக்களைப் பார்த்தபோது, இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமே என்றுதான் தோன்றியது.

ரொமேரோ கடைசி வரை சொன்னது ஒன்றுதான்: வந்தவர்களில் நன்றாக நடித்தவர் ஜோன்ஸ், அதனால் எடுத்தோம், நிறத்தை யோசிக்கவில்லை. இதை நம்புகிறேன். ஆனால் ஜோன்ஸ் யோசித்திருக்கிறார். திரைக்கதையில் பென் படிக்காத லாரி டிரைவர், பேச்சும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. கல்லூரி ஆசிரியரான ஜோன்ஸ் அந்த வசனங்களை மாற்றிப் பேசினார். பென்னைக் காப்பாற்றிவிடலாமா என்ற பேச்சு வந்தபோது, அப்படி அசட்டுத்தனமாகக் காப்பாற்றுவதைவிட அவன் சாவதையே கறுப்பின மக்கள் உண்மையென்று எடுத்துக்கொள்வார்கள் என்று இயக்குநரிடம் வாதாடியதாகப் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். முடிந்த படப்பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க் போகும் வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியைக் கேட்டோம் என்று ரொமேரோ சொல்லியிருக்கிறார். 1968 ஏப்ரல் 4. இயக்குநர் யோசிக்காததை அந்த ஆண்டு யோசித்துவிட்டது.

என் அறை நண்பனோடு இந்தப் படத்தை வைத்து ஒரு பழைய சண்டை உண்டு. "கூப்பர் சொன்னதுதானடா சரி? கடைசியில பென்னே நிலவறையிலதான பொழைக்கிறான்?" என்பான். சரிதான். லாரிக்குப் பெட்ரோல் போடலாம் என்று எல்லோரும் பென் பின்னால் போய், ஒரு காதல் ஜோடி தீயில் கருகிச் சாகிறது. கூப்பரைச் சுடுவதும் பென்தான். ஆனால் எனக்கு இந்தப் படம் பிடிப்பதற்கே அதுதான் காரணம். பென் தப்பு செய்கிறான். கோபப்படுகிறான், அடிக்கிறான், தப்பாகக் கணக்குப் போடுகிறான். நம்மைப் பற்றி இங்கே எடுக்கப்படும் 'நல்ல' படங்களில் செத்துப்போகிறவன் முதல் மதிப்பெண் வாங்குகிறவனாக, ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவனாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பார்வையாளருக்கு அழுகை வராது என்று பயம். பென்னைச் சுட்டவர்கள் அவன் நல்லவனா கெட்டவனா என்று விசாரிக்கவில்லை. ஜன்னலில் தெரிந்த தலை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நிறவெறியும் சாதியும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் நடுவே சமக்குறி போடும் கட்டுரைகள் எனக்கே அலுப்பாக இருக்கும். ஒரு படம் எங்கே போய்க் குத்துகிறது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

மற்ற 'கல்ட்' படங்களைப் பற்றி அவசரமாகச் சில தீர்ப்புகள். 'எக்சார்சிஸ்ட்' எனக்குப் பயம் தரவில்லை. சாமியாடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிறுமியின் கூச்சல் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 'ஷைனிங்' பிரமாதமான படம்தான், அந்த ஹோட்டல் வராந்தாக்களை மறக்க முடியாது. ஆனால் குப்ரிக்கை மன்னிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. ஹாலோரன் என்கிற கறுப்பினச் சமையல்காரர் ஃப்ளோரிடாவிலிருந்து பனியில் அத்தனை தூரம் பயணப்பட்டு வருகிறார், உள்ளே நுழைகிறார், கோடாரியால் ஒரே வெட்டு. ஸ்டீபன் கிங் எழுதிய நாவலில் அவர் பிழைத்துக்கொள்கிறார். படத்தில் அந்தத் தாயும் பிள்ளையும் தப்பிக்க ஒரு வண்டியைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. வெஸ் கிரேவனின் 'த பீப்பிள் அண்டர் த ஸ்டேர்ஸ்' (1991) அதிகம் பேசப்படாத படம், தேடிப் பாருங்கள். குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி விரட்டும் வீட்டுக்காரர்களின் மாளிகைக்குள் ஒரு கறுப்பினச் சிறுவன் திருடப் போகிறான். பேய் எதுவும் கிடையாது, வாடகை வசூலிக்கிறவர்கள்தான் பேய். படம் பாதி நேரம் கோமாளித்தனமாக இருக்கும், பரவாயில்லை.

இனி 'கேண்டிமேன்'. 1992, பெர்னார்ட் ரோஸ் இயக்கியது. இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.

கிளைவ் பார்க்கரின் மூலக்கதை இங்கிலாந்தில் நடப்பது. படம் அதை சிகாகோவுக்கு, கப்ரினி-கிரீன் என்ற அரசுக் குடியிருப்புக்குக் கொண்டுபோனது. நகரத்து ஏழைக் கறுப்பின மக்களின் அடுக்குமாடிகள். ஹெலன் என்கிற வெள்ளைக்கார ஆய்வு மாணவி, கண்ணாடி முன் நின்று ஐந்து முறை பெயர் சொன்னால் கொக்கிக் கையோடு வந்து கொல்லும் கேண்டிமேன் கதையை ஆராய்கிறாள். அங்கே ஒரு பெண் கொல்லப்பட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக் குளியலறையின் மருந்து அலமாரியைப் பெயர்த்தால் இந்த வீட்டுக்குள் வந்துவிடலாம், கட்டுமானம் அப்படி. இது கற்பனை அல்ல. 1987-இல் சிகாகோவில் இன்னொரு அரசுக் குடியிருப்பில் ஒரு பெண் இப்படித்தான் கொல்லப்பட்டார். அலமாரி வழியாக ஆட்கள் வருகிறார்கள் என்று அவர் போலீசுக்குப் போன் செய்தார். போலீஸ் வந்தது, கதவைத் தட்டியது, திறக்கவில்லை என்று திரும்பிப் போனது. உடலைக் கண்டெடுக்க மேலும் சில நாட்கள் ஆயின. படத்தில் ஹெலன் தன் சொந்த ஃபிளாட்டின் அலமாரியைக் கழற்றிப் பார்க்கிறாள். அதே ஓட்டை. அவள் வீடும் அரசுக் குடியிருப்பாகக் கட்டப்பட்டதுதான். பிறகு சுவருக்குப் பூச்சு பூசி வசதியானவர்களுக்கு விற்றுவிட்டார்கள்.

கேண்டிமேன் யார்? அடிமையாக இருந்தவரின் மகன், ஓவியன். நிலக்கிழார் ஒருவர் தன் மகளை வரையச் சொல்லி அவனை அழைக்கிறார். காதல் வருகிறது, அவள் கருவுறுகிறாள். தகப்பன் ஆட்களை ஏவுகிறான். வரைகிற கையை அறுத்து, உடம்பெல்லாம் தேன் பூசி, தேனீக்களை விட்டுக் கொன்று எரிக்கிறார்கள். இதைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எத்தனையோ பெயர்கள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கும் முன்னால், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனும், ஆரியமாலாவுக்காகக் கழுவேறிய காத்தவராயனும் ஊர் எல்லையில் நிற்கிறார்கள். நம் ஊரில் செத்தவன் பேயாக அலைவதில்லை, சாமியாகிவிடுகிறான். அதற்கும் ஒரு விலை உண்டு. மதுரைவீரன் பிறப்பால் அரச வீட்டுப் பிள்ளை என்று கதையில் ஒட்டியிருக்கிறது, 1956-இல் வந்த எம்.ஜி.ஆர். படத்திலும் அதுதான். கேண்டிமேனின் அப்பாவும் செருப்புத் தயாரிக்கும் கருவி கண்டுபிடித்துப் பணக்காரராகி, மகனை உயர்ந்த பள்ளிக்கு அனுப்பியவராம். வெறும் கூலிக்காரன் மகன் காதலித்துச் செத்தால் கதை நிற்காது என்று இரண்டு ஊரிலும் நினைத்திருக்கிறார்கள்.

படத்தின் பெரிய ஓட்டையும் இங்கேதான். அடித்துக் கொல்லப்பட்டவனின் பேய் ஏன் தன்னைக் கொன்றவர்களின் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு, கப்ரினி-கிரீனின் ஏழைகளை வெட்டுகிறது? ஹெலனின் கறுப்பினத் தோழி பெர்னடெட்டையும் கொல்கிறது? வெள்ளைக்காரிமேல் ஆசைப்படும் கறுப்பினப் பிசாசு என்ற பழைய பயத்தைத்தான் இந்தப் படமும் விற்றது என்ற விமர்சனத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் குழந்தையைக் காப்பாற்றித் தியாகியாவதும் ஹெலன்தான். டோனி டாடின் குரல் இல்லையென்றால் பாதிப் படம் உட்கார்ந்துவிடும். (1990-இல் வந்த 'லிவிங் டெட்' மறுபதிப்பில் பென்னாக நடித்தவரும் அவர்தான்.)

ஆனாலும் இதை நான் விடமாட்டேன் என்பதற்குக் காரணம் ஹெலன். அந்தக் கொலைக் கதையை அவளுக்குச் சொல்வது யார் தெரியுமா? விருந்து மேசையில் ஒரு பேராசிரியர். இதை நான் பத்து வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டேனே, உனக்குத் தெரியாதா என்ற தோரணையில், அவளை மட்டம் தட்டுவதற்காகச் சொல்கிறார். ஒருவன் கை அறுபட்டுச் செத்தது, இரண்டு ஆய்வாளர்களுக்குள் யார் மூத்தவர் என்ற போட்டிக்குத் தீனி. எத்தனை கருத்தரங்க மதிய உணவுகளில் இதைப் பார்த்திருக்கிறேன்! பிறகு ஹெலன் கேமராவோடு குடியிருப்புக்குப் போகிறாள். ஆன்-மேரி என்ற தாய் அவளிடம், எங்களைப் பற்றி என்ன எழுதப் போகிறாய், நாங்கள் திருடர்கள் என்றா, போதை அடிமைகள் என்றா என்று கேட்கிறாள். ஹெலன் தாக்கப்பட்டதும் போலீஸ் மொத்தக் குடியிருப்பையும் சுற்றி வளைக்கிறது. அங்கே ஆட்கள் செத்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் என்பதை அவளே கசப்போடு சொல்கிறாள்.

ஊருக்கு வெளியே இருக்கிற தெருவில் பிறந்த ஆள்தான் நானும். அதனால் ஹெலன் வேறு, நான் வேறு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். களப்பணிக்காகக் காவிரிக் கரைப் பக்கம் ஒரு காலனிக்குப் போனேன். அங்கே வேப்பமரத்தடியில் பெயர் எழுதாத ஒரு பீடம். ராத்திரியில் அந்தப் பக்கம் போனால் ஒருத்தன் தண்ணீர் கேட்பான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது, இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஊர்க்காரர்களால் அடித்துக் கொல்லப்பட்ட பையன் அவன். வழக்கும் கிடையாது, ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. பீடம் மட்டும் இருக்கிறது, தண்ணீர் கேட்கும் கதை மட்டும் இருக்கிறது. நான் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தேன். கதை சொன்ன ஆயா நடுவில் நிறுத்தி, "ஏங்கண்ணு, இதையெல்லாம் எழுதிக்கிட்டுப் போயி நீ என்ன பண்ணுவ?" என்றார். திட்டவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "பட்டம் வாங்குவேன் ஆயா" என்றேன். "வாங்கு, வாங்கு" என்றார்.

அன்றிரவு ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து மறுபடியும் 'கேண்டிமேன்' போட்டுப் பார்த்தேன். கேண்டிமேன் என்றொருவன் இல்லை, அது ஒரு ரவுடி வைத்துக்கொண்ட பெயர் என்று ஹெலன் ஒரு சிறுவனுக்கு விளக்குகிறாள். அதற்குப் பிறகுதான் அவன் அவள் எதிரே வந்து நிற்கிறான். அந்த மக்கள் நம்புகிற வரைக்கும்தான் தனக்கு இருப்பு, நீ அதைக் கலைத்துவிட்டாய் என்பது அவன் புகார். முன்பு பார்த்தபோது இது பேய்ப்பட வசனம் என்று கடந்துவிட்டேன்.

என் ஆய்வேட்டில் அந்தப் பீடம் வரும் பகுதிக்கு 'நாட்டார் நம்பிக்கைகள்' என்று உபதலைப்பு வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டேன். வழிகாட்டி இரண்டு முறை கேட்டுவிட்டார், அந்த இடத்தில் என்ன போடப் போகிறாய் என்று. இன்னும் போடவில்லை.