பெயரோடு நிற்காதீர்கள்!



புவியியல் என்றால் பெயர்களை மனப்பாடம் செய்வதுதான் என்று நினைக்கிறீர்களா? பழைய அட்லஸ் ஒன்றில் மத்திய ஆசியாவைப் பாருங்கள். ஆரல் கடல் பெரிதாகத் தெரியும். புதிய அட்லஸில் சிறு சிறு துண்டுகளாகத்தான் இருக்கும்.

பெயர்தான் கடல், உண்மையில் அது உப்பு ஏரி. 1960-ல் உலகின் நான்காவது பெரிய ஏரி! அதை நிரப்பிய அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரைச் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. ஏரி வற்றியது, மீனவர்கள் பிழைப்பை இழந்தனர். உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் ஊரில் படகுகள் இன்றும் மணலில் கிடக்கின்றன. 2005-ல் கஜகஸ்தான் ஓர் அணை கட்டி முடித்ததும், வட பகுதியில் மட்டும் நீரும் மீனும் திரும்பின.

ஆறு, பயிர், மனிதர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே புவியியல். இனி அட்லஸைத் திறந்தால், 'எங்கே?' என்பதோடு 'ஏன்?' என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்